விலக விலக வளரும் பயம்

செமினார் நாளன்று காய்ச்சல் என்று விடுப்பு எடுப்பது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மணி ஓயும்வரை போனையே பார்த்திருந்துவிட்டுப் பிறகு மெசேஜ் அனுப்புவது, நேர்காணலுக்குத் தேதி கொடுத்தும் போகாமல் வீட்டில் வேறு காரணம் சொல்வது: இருபதுகளில் இருப்பவர்களிடம் இவற்றைப் பார்க்கும்போது சோம்பல் என்றோ கூச்சம் என்றோ சொல்லிவிடுகிறோம். பலரிடம் அது உண்மையில் சமூகப் பதற்றம் என்னும் மனநலப் பிரச்சினை. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, இந்தப் பதற்றம் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு அது 13 வயதுக்குள்ளேயே தொடங்கியிருந்தது. நாய், உயரம், ஊசி போன்ற குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு மிரளும் பயங்கள் அதைவிடவும் முன்னதாக, 7 வயது வாக்கில். அப்படியானால் கல்லூரி முடிக்கும் வயதில் ஒருவர் உதவி தேடி வரும்போது, அவருடைய பயத்துக்கே ஏழெட்டு வயதாவது ஆகியிருக்கும். இத்தனை ஆண்டுகள் அதை உயிரோடு வைத்திருந்தது எது? தொடக்கக் காரணத்தைத் தேடிக் குழந்தைப் பருவத்தைத் துருவுவதைவிட, இந்தக் கேள்விக்கு விடை காண்பதே அதிகம் பயன் தரும் என்று நினைக்கிறேன். விடை, தவிர்ப்பு.

ஹோபர்ட் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947-இல் இதை இரண்டு கட்டங்களாக விளக்கினார். முதலில் ஏதோ ஒன்றோடு பயம் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதை விட்டு விலகும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுப் படபடப்பு சட்டென்று அடங்குகிறது. அந்த நிம்மதியே விலகியதற்கான பரிசாகி, அடுத்த முறையும் விலகத் தூண்டுகிறது. 1953-இல் ரிச்சர்ட் சாலமனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதன் விபரீதத்தைக் காட்டியது. அடையாளம் தெரிந்ததும் தடுப்பைத் தாண்டிக் குதித்தால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம் என்று நாய்கள் பழகியிருந்தன. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவை நூற்றுக்கணக்கான முறை குதித்துக்கொண்டே இருந்தன. நின்று பார்த்திருந்தால் அதிர்ச்சி இல்லை என்று தெரிந்திருக்கும். குதித்துவிடுவதால் அது தெரியவே வழியில்லை. (இன்றைக்கு அப்படி ஒரு சோதனையை நடத்த யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட.) செமினாரைத் தவிர்க்கும் மாணவியின் நிலையும் இதுதான். பேசியிருந்தால் வகுப்பு சிரித்திருக்குமா என்பது அவளுக்குத் தெரியாமலே போகிறது. சிரித்திருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் வலுக்கிறது.

எல்லோரும் ஓடிவிடுவதில்லை, பலர் போகத்தான் செய்கிறார்கள், ஆனாலும் பயம் குறையவில்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகிய இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-இல் இதற்குப் பதில் சொன்னார்கள். உடம்பு அறைக்குள் இருந்தாலும் ஆள் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறார். தாளிலிருந்து தலை தூக்காமல் வாசிப்பது, கை நடுக்கம் தெரியாமலிருக்க மேசையை இறுகப் பிடிப்பது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் பேசுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத தவிர்ப்புகள். நல்லபடியாக முடிந்தாலும் ‘மேசையைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன்’ என்றுதான் மனம் கணக்கு எழுதும். அதோடு கவனம் முழுக்கத் தன் வியர்வையிலும் குரலிலும் இருப்பதால், எதிரே இருப்பவர்களின் முகம் கண்ணில் படுவதே இல்லை. சிகிச்சையில் இவர்கள் பேசுவதை வீடியோ எடுத்துக் காட்டுவதுண்டு. தாங்கள் உணர்ந்த அளவுக்கு நடுக்கம் வெளியில் தெரியவில்லை என்பதைப் பார்த்துப் பலர் வியந்துபோகிறார்கள்.

ஆக, மருந்து நெருங்குவதில் இருக்கிறது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு அவன் விருப்பமாகச் சாப்பிடும் நேரத்தில் கூண்டு முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்து, சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்க அவன் கை நீட்டினான். ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989-இல் விவரித்த முறையில், குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயத்துக்கு மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் சிகிச்சை முடிந்துவிடும். அப்படியானால் தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் வந்துவிடும் என்கிற அப்பாக்கள் சொல்வது சரியா? இல்லை. பிள்ளையின் சம்மதம் இல்லாமல் மேடையில் ஏற்றுவது, அவன் அஞ்சியது நடந்தே தீரும் என்பதற்கு இன்னொரு சாட்சியைத்தான் தரும். படிகளை வகுப்பவரும் ஏறுபவரும் பயப்படுகிறவராகவே இருக்க வேண்டும். இன்று கடைக்குப் போன் செய்து எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்பது, அடுத்து வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது, பிறகு இரண்டு நண்பர்கள் முன்னால் செமினாரைச் சொல்லிப் பார்ப்பது என்று அது போகும். முன்கூட்டியே ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்’ என எழுதிவைத்து, முடிந்ததும் நடந்ததோடு ஒப்பிடுவது இதில் முக்கியமான வேலை.

எல்லாப் பயத்தையும் நெருங்கச் சொல்லவில்லை. பேருந்தில் சீண்டலுக்கு ஆளாகும் பெண் அந்தப் பேருந்தைத் தவிர்ப்பது நோயல்ல. அங்கே சரிசெய்ய வேண்டியது அவளை அல்ல. ரத்தம் பார்த்தால் மயங்கும் நர்சிங் மாணவர்களின் விஷயமும் தனி. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும்; இதில் ஏறிவிட்டுச் சட்டென்று இறங்குவதால் மயக்கம் வருகிறது. இவர்களுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி உதவாது. கை, கால், உடல் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, முகத்தில் சூடு தெரிந்ததும் விட்டு, மீண்டும் இறுக்கும் முறையை ஓஸ்ட் உருவாக்கினார்.

மாத்திரை போதாதா என்பது அடுத்த கேள்வி. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சில பதற்றத்துக்கும் நன்றாகவே உதவுகின்றன. தேவைப்படுவோர் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அல்பிரசோலம் போன்ற வேறு வகை மாத்திரைகள் உடனடி நிம்மதி தருவதாலேயே ஒரு தவிர்ப்பாக மாறிவிடலாம். நாள்பட எடுத்தால் பழக்கமாகும். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பயிற்சியால் போன பயம் திரும்பி வருவதும் உண்மைதான். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது, அவ்வளவே. அதனால்தான் ஒரே அறையில் ஒரே ஆட்கள் முன்னால் பழகுவது போதாது. இடமும் ஆளும் நேரமும் மாற வேண்டும். திரும்பி வந்த பயத்தைத் தோல்வி என்று எண்ணி மறுபடி விலகத் தொடங்குவதுதான் கெடுதல்.

கடைசித் தடை, உதவி எங்கே கிடைக்கும் என்பது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதத்தினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. 2022 முதல் இயங்கும் டெலி-மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். போனில் பேசுவதே பயம் என்பவருக்கு முதல் அழைப்பின்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் பேச வேண்டியது அவர்தான். ஆலோசகரைச் சந்திக்கும்போது கேட்கத் தயங்கக் கூடாத கேள்வி ஒன்றுண்டு: நாம் இதைப் பற்றிப் பேச மட்டும் போகிறோமா, பயப்படும் காரியத்தைச் செய்து பழகவும் போகிறோமா?