பழைய காருக்கு மின்விசிறி பொருத்தலாமா?
(வெப்பமும் மின்னும் – விளக்கக் கட்டுரை)



மாவனல்லையிலிருந்து கண்டி நோக்கி வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தைப் பார்த்திருப்பீர்கள். 1820களில் வெட்டப்பட்ட பாதை அது. அதை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் அங்கே நிற்கின்றது. மாட்டு வண்டிக் காலத்துப் பாதையில் பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்று இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும். சில வேளைகளில் வழியோரத்தில் பொனற்றைத் திறந்துகொண்டு நீராவி கக்கியபடி நிற்கும்.

மொரிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1971 வரை தயாரிக்கப்பட்டது. நம் நாட்டில் இன்றும் பல வீடுகளில் அது ஓடும் நிலையில் உள்ளது. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது, கையிலுள்ள காரைப் பேணுவதன் அருமை பலருக்கும் விளங்கியது. கார் கொதித்தால் “மின்விசிறி போட்டால் சரி” என்று சொல்பவர் உண்டு. அது எப்போது சரி, எப்போது பிழை என்பதை நீங்கள் படித்த விஞ்ஞானத்தைக் கொண்டே அறியலாம்.

1. வெப்பம் செல்லும் வழி

எஞ்சினுள் பெற்றோல் எரிவதால் உண்டாகும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீருக்குச் செல்கின்றது. சூடான நீர் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்கள் வழியே இறங்கும். வெப்பம் குழாய்ச் சுவரினூடாகவும் தகடுகளினூடாகவும் கடத்தல் மூலம் வெளியே வருகின்றது. அதன் பின் தகடுகளுக்கிடையே செல்லும் காற்று அதைக் கொண்டுபோகின்றது. பெயர் ரேடியேற்றர் என்றிருந்தாலும் வெப்பத்தின் பெரும்பகுதி கதிர்வீசலால் அன்றி, காற்றின் மேற்காவுகையாலேயே அகற்றப்படுகின்றது.

1948 இல் வந்த முதல் மைனர்களில் நீர்ப்பம்பி இருக்கவில்லை. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்க, மேற்காவுகை ஓட்டமே நீரைச் சுற்றிவரச் செய்தது. பின் வந்த எஞ்சின்களில் நீர்ப்பம்பி சேர்க்கப்பட்டது.

கணக்கொன்று பார்ப்போம். செக்கனுக்கு 0.5 கிலோகிராம் நீர் ரேடியேற்றரினூடாகச் சென்று 10 பாகை செல்சியஸால் குளிர்கின்றது எனக் கொள்வோம்.

வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்
= 0.5 × 4200 × 10 = 21 000 யூல்

அதாவது ஒவ்வொரு செக்கனும் 21 000 யூல் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால்? 5 கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு உயர்த்த 12 60 000 யூல் தேவை. உலோகம் ஏற்கும் வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், அதற்கு 60 செக்கன் போதும்!

2. மலைநாட்டில் கொதிநிலை

வளிமண்டல அமுக்கம் குறையும்போது கொதிநிலையும் குறையும். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் சுமார் 98 பாகையிலும், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலும் கொதிக்கும். இதனை ஈடுசெய்வது ரேடியேற்றர் மூடியாகும். சதுர அங்குலத்திற்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் நல்ல மூடி, கண்டியில் கொதிநிலையைச் சுமார் 110 பாகைக்கு உயர்த்தும். மூடியின் இறப்பர் வளையம் பழுதானால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கவனிக்க: சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. திறந்தவுடன் அமுக்கம் திடீரெனக் குறைய, 100 பாகைக்கு மேலிருக்கும் நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பாயும். நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

3. கார் எங்கே கொதிக்கின்றது?

பரீட்சையில் வினாவை முழுதாக வாசிக்காமல் விடை எழுதினால் புள்ளி போய்விடும். இங்கே காசு போய்விடும். எனவே முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே.

(அ) ஏற்றத்தில் கொதித்தால்: பழைய காரின் விசிறியை எஞ்சினே பட்டி மூலம் சுழற்றுகின்றது. கடுகண்ணாவையில் இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுழலும். விசிறியும் வேகமாகவே சுழலும். ஆகவே குறை பெரும்பாலும் விசிறியில் இல்லை. பல ஆண்டுத் துருவும் நீரிலுள்ள உப்புப் படிவும் குழாய்களை அடைத்திருக்கலாம். உப்புப் படிவு ஓர் அரிதிற்கடத்தி என்பதை நினைவிற் கொள்க. இதற்குப் பரிகாரம் ரேடியேற்றரைச் சுத்தம் செய்வது அல்லது அதன் உட்பகுதியை மாற்றுவது.

(ஆ) நெரிசலில் கொதித்தால்: பாடசாலை விடும் நேரத்தில் பேராதனை வீதியிலோ கண்டி வாவிக் கரையிலோ கார் ஊர்கின்றது. எஞ்சின் மெதுவாக ஓடுவதால் விசிறியும் மெதுவாகச் சுழலும். முன்னிருந்து வீசும் காற்றும் இல்லை. எஞ்சின் வேகத்தில் தங்கியிராத மின்விசிறி இங்கேதான் பயன் தரும்.

(இ) எல்லா இடத்திலும் கொதித்தால்: நீர் ஒழுக்கு, தளர்ந்த பட்டி, திறவாத தேர்மோஸ்ரற், பழுதான நீர்ப்பம்பி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

4. விசிறியைப் பொருத்தும் முறை

• முதலில் பற்றரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.
• இடமிருந்தால் ரேடியேற்றருக்குப் பின்னால் வைத்துக் காற்றை இழுக்கச் செய்வது சிறந்தது. சுற்றிலும் உறையிட்டால் காற்று தகடுகள் முழுவதினூடாகவும் செல்லும்.
• காற்று முன்னிருந்து பின்னாகச் செல்ல வேண்டும். மைனரில் பற்றரியின் நேர் முடிவிடமே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. தற்கால வாகனங்களில் இணைக்கப்படுவது மறை முடிவிடம். இதைக் கவனியாமல் நிலையான காந்தமுள்ள மோட்டரை இணைத்தால் மின்னோட்டத் திசை மாறும். பிளெமிங்கின் இடக்கை விதிப்படி சுழற்சித் திசையும் மாறும். விசிறி காற்றை எதிர்த்திசையில் தள்ளும்.
• பெரிய மின்னோட்டம் சிறிய வெப்ப ஆளியினூடாகச் செல்லலாகாது. ஆளி ரிலேயை இயக்க, ரிலே விசிறியை இயக்க வேண்டும். பற்றரிக்கு அருகிலேயே உருகி இடப்பட வேண்டும்.
• விசிறி தொடங்கும் வெப்பநிலை, தேர்மோஸ்ரற் திறக்கும் வெப்பநிலையிலும் உயர்வாக இருக்க வேண்டும். தேர்மோஸ்ரற் 82 பாகையில் திறக்க, விசிறி 75 பாகையிலேயே தொடங்குமாயின் அது ஓயாமல் ஓடும்.
• பழைய விசிறியைக் கழற்றினாலும் பட்டியைக் கழற்றலாகாது. நீர்ப்பம்பியையும் தைனமோவையும் சுழற்றுவது அப்பட்டியே.

5. மறந்துவிடும் கணக்கு

விசிறி 10 அம்பியர் எடுக்கின்றது எனக் கொள்வோம்.

வலு = வோல்ற்றளவு × மின்னோட்டம் = 12 × 10 = 120 வாற்று

மைனரின் பிற்காலத் தைனமோ ஆகக்கூடியது சுமார் 22 அம்பியர் தரும். மழை பெய்யும் இரவில் முன்விளக்குகளுக்கு 8, எரிபற்றலுக்கு 4, துடைப்பானுக்கு 3, விசிறிக்கு 10 என வைத்தால் மொத்தம் 25 அம்பியர். வரவு 22, செலவு 25.

அதிலும் முக்கியமான ஒன்றுண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது தைனமோ ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. விசிறி தேவைப்படுவதோ அவ்வேளையில்தான்! அப்போது முழுச் சுமையையும் பற்றரியே சுமக்கின்றது. நெரிசலில் கார் கொதிக்காமல் தப்பலாம். ஆனால் வீடு சேர்ந்து எஞ்சினை நிறுத்தினால், மறுநாட் காலை அது தொடங்காமற் போகலாம். இதனாலேயே மின்விசிறி பொருத்துவோர் பலர், குறைந்த வேகத்திலும் மின் தரும் ஓல்ற்றனேற்றரையும் பொருத்துகின்றனர். அதற்குப் பெரும்பாலும் பற்றரி முடிவிடங்களை மாற்றி இணைக்க வேண்டிவரும்.

எனவே ஓரிடத்துக் குறையை நீக்க ஒரு பொருளைச் சேர்த்தால், அப்பொருள் வேறோரிடத்தில் என்ன கேட்கின்றது என்பதையும் பார்க்க வேண்டும். வெப்பப் பாடமும் மின்னியற் பாடமும் புத்தகத்தில் வெவ்வேறு அலகுகளில் இருக்கின்றன. பொனற்றின் கீழ் அவை ஒன்றாகவே இருக்கின்றன.

பயிற்சி வினாக்கள்

1. 12 வோல்ற்று, 8 அம்பியர் விசிறியொன்று 15 நிமிடம் இயங்கினால் செலவாகும் மின்சக்தி யாது? (விடை: 86 400 யூல்)
2. கார் வேகமாகச் செல்லும்போது மின்விசிறி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. காரணம் தருக.
3. ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் காருக்கு உரிமையாளர் மின்விசிறி வாங்கப் போகின்றார். அவருக்கு நீங்கள் கூறும் ஆலோசனையை இரண்டு காரணங்களுடன் எழுதுக.