அலுவலகம் மூடலாம், நெல் காத்திருக்காது!

2019 ஜனவரி 22. டெல்டாவில் சம்பா அறுவடை நேரம். பழைய ஓய்வூதியத் திட்டம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் அன்று தொடங்கியது. ஜனவரி 30 வரை பல அரசு அலுவலகங்களில் வேலை முடங்கியது. அதே மாதம் அமெரிக்காவிலும் பட்ஜெட் இழுபறியால் மத்திய அரசின் ஒரு பகுதி மூடிக் கிடந்தது. மொத்தம் 35 நாள்கள். பண்ணைக் கடன் தரும் அலுவலகங்களும் பூட்டப்பட்டதால், அங்குள்ள விவசாயிகள் கடனுக்குக் காத்திருந்தார்கள்.

நம் ஊரில் அலுவலகம் மூடினால் முதல் அடி குத்தகை விவசாயிக்குத்தான். பட்டா, சிட்டாவை நிலக்காரர் இணையத்தில் எடுத்துவிடலாம். குத்தகைக்காரருக்கோ, தான் சாகுபடி செய்ததற்கு அத்தாட்சி கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல்தான். அது இல்லாமல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடியாது. களத்தில் கிடக்கும் நெல் பனியிலும் மழையிலும் நனைந்து, ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டினால் அதுவும் சிக்கல். கடைசியில் வியாபாரி சொல்லும் விலைக்கு மூட்டை போய்விடும்.

எனவே, கதிர் முற்றும்போதே அடங்கலை வாங்கி, ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்கு 10 நாள்கள் முன்பே வயலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். களத்துக்குத் தார்ப்பாயும் தயாராக இருக்கட்டும்.