சில்லறை வங்கியிலிருந்து முதலீட்டு வங்கிக்கு மாறுதல்

சில்லறை வங்கியிலிருந்து முதலீட்டு வங்கிக்கு மாறுதல் என்பது, தனிமனிதர்களுக்கு வைப்பு, கடன் முதலிய சேவைகளை வழங்கும் கிளைப் பணியிலிருந்து விலகி, நிறுவனங்களுக்கு மூலதனம் திரட்டித் தரும் பணிக்கோ, பிரைவேட் ஈக்விட்டி எனப்படும் தனியார் பங்கு முதலீட்டுப் பணிக்கோ செல்வதாகும். இரண்டும் 'வங்கி' என்றே அழைக்கப்பட்டாலும் அவற்றுக்குத் தேவையான திறன்கள் வேறு. ஆகவே கிளை அனுபவம் மட்டும் இம்மாற்றத்திற்குப் போதுவதில்லை.

பின்னணி

அமெரிக்காவில் 1933 ஆம் ஆண்டின் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் இவ்விரு தொழில்களையும் பிரித்து வைத்தது. 1999 இல் வந்த சட்டம் அத்தடையைப் பெரிதும் நீக்கியது. இந்தியாவில் பங்கு வெளியீட்டை நடத்தித் தருவோர் மெர்ச்சன்ட் பேங்கர் என்ற பெயரில் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கான விதிமுறைகள் 1992 இல் வந்தன. பெரிய வங்கிகள் இப்பணிக்குத் தனித் துணை நிறுவனங்களை வைத்துள்ளன. பாரத ஸ்டேட் வங்கி 1986 இல் தொடங்கிய எஸ்பிஐ கேப்பிடல் மார்க்கெட்ஸ் அவற்றுள் ஒன்று.

பணிகளின் வேறுபாடு

வீட்டுக் கடன் கேட்டு வருபவரின் சம்பளம், கடன் மதிப்பெண், பிணையம் ஆகியவற்றைக் கிளை அலுவலர் பார்க்கிறார். விதிகள் முன்பே வகுக்கப்பட்டவை. முதலீட்டு வங்கியாளரோ ஒரு நிறுவனம் வருங்காலத்தில் ஈட்டக்கூடிய பணத்தைக் கணித்து, அதன் இன்றைய மதிப்பைக் கண்டறிகிறார். பங்கு வெளியீடு, நிறுவன இணைப்பு, கையகப்படுத்தல் ஆகியவை இம்மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டவை.

தனியார் பங்கு நிதி தானே முதலீடு செய்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு நிதி 500 கோடி ரூபாய் மதிப்புள்ள நிறுவனத்தை 200 கோடி சொந்தப் பணமும் 300 கோடி கடனும் கொண்டு வாங்குவதாகக் கொள்வோம். நிறுவனத்தின் இலாபத்திலிருந்து 100 கோடி கடன் அடைக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் நிறுவனம் 600 கோடிக்கு விற்கப்பட்டால், மீதிக் கடன் 200 கோடி போக 400 கோடி கிடைக்கும். நிறுவனத்தின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்கே உயர்ந்திருந்தும், போட்ட பணம் இரட்டிப்பாகிறது. மாறாக, கடன் குறையாமல் மதிப்பு 300 கோடியாகச் சரிந்தால் சொந்தப் பணம் முழுவதும் போய்விடும்.

மாறும் வழிகள்

சில்லறைப் பிரிவிலிருந்து தனியார் பங்கு நிதிக்கு நேரடியாகச் செல்வது அரிது. அந்நிதிகள் பெரும்பாலும் முதலீட்டு வங்கியிலோ ஆலோசனை நிறுவனத்திலோ சில ஆண்டுகள் பணியாற்றியவர்களையே எடுக்கின்றன. எனவே படிப்படியாக மாறுவதே வழக்கம்.

முதற்படி, அதே வங்கியின் சிறு, நடுத்தரத் தொழில் கடன் பிரிவுக்கோ பெருநிறுவனக் கடன் பிரிவுக்கோ இடமாற்றம் பெறுவது. இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கவும், திட்ட அறிக்கையை ஆராயவும் அங்குப் பயிற்சி கிடைக்கும். அடுத்தது கல்வித் தகுதி. பட்டயக் கணக்காளர், முன்னணி நிறுவனத்தில் எம்பிஏ, மூன்று நிலைத் தேர்வுகள் கொண்ட சிஎஃப்ஏ ஆகியவை மதிக்கப்படுகின்றன. வங்கி ஊழியர்கள் எழுதும் ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகள் வங்கிக்குள் முன்னேற உதவுபவை. அவை மேற்சொன்ன தகுதிகளுக்கு ஈடாக அமைவதில்லை.

பயனும் இழப்பும்

முதலீட்டு வங்கியில் ஊதியமும் ஊக்கத்தொகையும் அதிகம். இரவு நெடுநேரப் பணியும் விடுமுறை நாள் பணியும் இயல்பானவை. சந்தை சரியும்போது வேலையும் போகலாம். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பொதுத்துறை வங்கிப் பணியில் உள்ள பாதுகாப்பு இங்கில்லை. மாறுபவர் தம்மைவிட இளையவர்களுடன் கீழ்நிலைப் பதவியிலிருந்து தொடங்க நேரிடலாம். மேலும், சில பொதுத்துறை வங்கிகள் புதிய அலுவலர்களிடம் பிணைப்பத்திரம் பெறுகின்றன. குறித்த காலத்திற்கு முன் விலகினால் அதற்குரிய தொகையைச் செலுத்த வேண்டும். பணி விலகுமுன் இதைச் சரிபார்ப்பது அவசியம்.

தன் சோதனை

இப்பணி தமக்கு ஒத்துவருமா என்பதைச் செலவின்றியே அறியலாம். பங்கு வெளியிடும் நிறுவனங்களின் வரைவு ஆவணங்கள் செபியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை முழுமையாக வாசித்து, அந்நிறுவனத்தின் மதிப்பைத் தாமே கணக்கிட்டு, பின்னர் அறிவிக்கப்படும் பங்கு விலையுடன் ஒப்பிடலாம். இவ்வாறு சில நிறுவனங்களை மதிப்பிட்ட பின்னும் ஆர்வம் குறையாதவருக்கே இம்மாற்றம் பொருந்தும்.