உயர்தர வீடியோ டிவிடிக்குள் இறங்கும்போது

டிவிடி 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அப்போது வகுத்த அளவுகள் இன்றுவரை மாறவில்லை. இந்தியா பின்பற்றிவந்த ‘பால்’ ஒளிபரப்பு முறையில் ஒரு ஃப்ரேமின் அகலம் 720 பிக்சல், உயரம் 576. முழு எச்டி கேமராவின் ஃப்ரேமோ 1920-க்கு 1080. ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல்கள் 4 லட்சத்து 15 ஆயிரமாகச் சுருங்குகின்றன. ஐந்தில் நான்கு பங்கு போயே தீரும். டிவிடியில் படம் மங்கினால் பழி பெரும்பாலும் வட்டின் மீதும் ரைட்டரின் மீதும் விழுகிறது. படம் கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, இந்தச் சுருக்கத்தின்போதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது படம் பதிவான விதம். திருமண வீடியோக்களில் பல 1080i முறையில், நொடிக்கு 50 ஃபீல்டுகளாகப் பதிவானவை. ஒரு ஃப்ரேமின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்ட இரு வேறு கணங்கள். அவற்றைப் பிரிக்காமல் 1080 வரிகளையும் சேர்த்து 576-ஆக நசுக்கினால் இரு கணங்களும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். நாதஸ்வரக்காரரின் விரல்கள் இரட்டையாகத் தெரியும். கழுத்தைத் திருப்பும் மணப்பெண்ணின் முகத்தில் சீப்புப் பற்களைப் போல வரிகள் ஓடும். கலந்த பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரியாகப் பிரிக்க முடியாது. முறையான வழி மூன்று படிகளில் நடக்கிறது: ஃபீல்டுகளை 50 முழு ஃப்ரேம்களாக விரித்து, ஒவ்வொன்றையும் 576 வரிகளுக்குச் சுருக்கி, மறுபடி ஃபீல்டுகளாகப் பின்னுவது. நேரம் பிடிக்கும் வேலை இது. ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. நொடிக்கு 25 முழு ஃப்ரேமாக எடுத்த படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, நேரடியாகச் சுருக்கலாம்.

பின்னும்போது ஃபீல்டு வரிசையும் சரியாக இருக்க வேண்டும். எச்டி பதிவுகளில் மேல் ஃபீல்டு முதலில் வரும். பழைய DV கேமராக்களில், அதாவது மினி DV டேப்பில், கீழ் ஃபீல்டு முதலில். அமைப்பில் இது மாறிவிட்டால் அசைவுகள் முன்னும் பின்னுமாக உதறும்.

சுருக்கும் கணக்கு முறையைப் பொறுத்துக் கூர்மை மாறும். பைலீனியர் படத்தைக் குழைத்துவிடும்; பைக்யூபிக், லான்சோஸ் இரண்டும் விளிம்புகளைத் தக்கவைக்கும். அதற்காகக் கூர்மையை மேலும் ஏற்றுவது தவறு. பட்டுச் சேலையின் மெல்லிய ஜரிகைக் கோடுகள் படுக்கை வாட்டத்தில் ஒரே ஒரு வரி கனத்தில் நின்றால், அவை ஒரு ஃபீல்டில் தெரிந்து அடுத்ததில் மறையும். திரையில் கோடு துடிக்கும். செங்குத்துத் திசையில் லேசாக மென்மையாக்கினால் துடிப்பு அடங்கும்.

அகலத்திரைப் படத்தை 16:9 என்று குறித்தே எழுத வேண்டும். 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்தால் படத்துக்கு 432 வரிகளே மிஞ்சும். நிறக் கணக்கும் எச்டியிலும் டிவிடியிலும் வேறு: முன்னதற்கு 709 என்ற தரநிலை, பின்னதற்கு 601. மாற்றாமல் விட்டால் சிவப்பும் பச்சையும் சற்றுத் திரிந்து, தோல் நிறம் இயல்பை இழக்கும்.

இவற்றுக்குப் பிறகுதான் பிட்ரேட். ஒற்றை அடுக்கு வட்டில் 470 கோடி பைட் கொள்ளும். அதை இரண்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட், ஒலிக்கு ஒதுக்கியது போகப் படத்துக்கு 5-க்கும் குறைவு. ஒரு மணி நேரம் என்றால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் படத்துக்கான உச்ச வரம்பு 9.8, வீட்டில் எழுதிய வட்டுகளை 8-ஐத் தாண்டவிடாமல் வைப்பது நல்லது, பழைய பிளேயர்கள் திணறும். சுருக்காத பிசிஎம் ஒலி மட்டும் 1.5 மெகாபிட்டை விழுங்குவதால், நீளமான நிகழ்ச்சிக்கு டால்பி ஒலியே பொருந்தும். நீளம் இரண்டு மணியைத் தாண்டினால் இரு வட்டுகளாகப் பிரிப்பதே மேல்.

டிவிடியின் எம்பெக்-2 முறை, கேமராவின் எச்.264-ஐவிட அதிக பிட்களைக் கேட்கும். அதனால் இருமுறை ஓடும் மாறு பிட்ரேட் அவசியம். முதல் ஓட்டம் படத்தை அளக்கும். இரண்டாவது, மேடையில் அசையாது அமர்ந்திருக்கும் காட்சியில் மிச்சம் பிடித்து அட்சதை பொழியும் நொடிக்குக் கொடுக்கும். மண்டப வெளிச்சம் போதாமல் படிந்த புள்ளி இரைச்சலும் பிட்களைத் தின்னும். சுருக்குவதற்கு முன்பே அதை மிதமாகத் துடைத்தால் அந்த இடம் முகங்களுக்குக் கிடைக்கும். எடிட்டிங்கிலிருந்து வெளியே எடுக்கும்போதே எம்பெக்-2 ஆக்கி, டிவிடி மென்பொருளில் இன்னொரு முறை மாற்றுவது இத்தனை உழைப்பையும் வீணாக்கும்.

முழு வட்டையும் எழுதுவதற்கு முன், அசைவு மிகுந்த இரண்டு நிமிடத்தை மட்டும் மறுபடி எழுதக்கூடிய வட்டில் பதித்து, கணினியில் அல்லாமல் பிளேயரில் போட்டு டிவி திரையில் பார்க்க வேண்டும். ஃபீல்டு வரிசைப் பிழை கணினித் திரையில் பெரும்பாலும் கண்ணுக்குப் படாது.