வேறு வழி இல்லையா?

"என்ன செய்வது? வேறு வழி இல்லை." நாம் அடிக்கடி சொல்லும் சொல் இது. ஒன்று கெட்டது என்று நமக்குத் தெரியும். ஆனாலும் அது இல்லாமல் காரியம் நடக்காது என்று நம்புகிறோம். பொறுத்துக்கொள்கிறோம்.

கேரளத்தில், கொச்சித் துறைமுகத்தை ஒட்டி மட்டாஞ்சேரி என்ற பழைய ஊர் இருக்கிறது. மிளகும் இஞ்சியும் விற்கும் ஊர். அங்கேயும் இப்படி ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. அதன் பெயர் சாப்பா.

சாப்பா என்றால் என்ன?

அந்தக் காலத்தில் கப்பலில் சரக்கை மனிதர்களே ஏற்றினார்கள், இறக்கினார்கள். முதுகிலும் தலையிலும் மூட்டை சுமந்தார்கள். தினமும் காலையில் வேலை தேடிப் பெரிய கூட்டம் கூடும். வேலையோ கொஞ்சம்தான்.

ஒப்பந்தக்காரரின் ஆள் வருவார். அவரை மூப்பன் என்பார்கள். அவர் கையில் உலோக வில்லைகள் இருக்கும். அந்த வில்லைதான் சாப்பா. அதைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார். வில்லை யார் கையில் கிடைக்கிறதோ, அவருக்கு அன்று வேலை.

பிறகு என்ன நடக்கும்? தள்ளுமுள்ளு நடக்கும். அடிதடி நடக்கும். கீழே விழுந்தவர் மிதிபடுவார். நேற்று ஒன்றாகக் கஞ்சி குடித்தவர்கள் இன்று ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். வயதானவரும் பலம் இல்லாதவரும் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ஏன் பொறுத்துக்கொண்டார்கள்?

கப்பல் தினமும் ஒரே அளவில் வராது. ஒரு நாள் வேலை இருக்கும். மறுநாள் இருக்காது. அதனால் அன்றன்றைக்குத்தான் ஆள் எடுக்க முடியும் என்று முதலாளிகள் நினைத்தார்கள். லண்டன் துறைமுகத்திலும் இப்படித்தான் வாசலில் நின்ற கூட்டத்தில் ஆள் பொறுக்கினார்கள். 1889-ல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது.

மட்டாஞ்சேரித் தொழிலாளர்களும் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1953-ல் சாப்பாவை எதிர்த்துப் போராடினார்கள். செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. சைது, செய்தலவி என்ற இரு தொழிலாளர்கள் இறந்தார்கள். போலீசிடம் அடிபட்ட ஆன்டனி என்ற தொழிலாளி பிறகு இறந்தார்.

வேறு வழி என்ன?

வழி மிகவும் எளியது. ஒரு பதிவேடு போதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தொழிலாளர்கள் 100 பேர். இன்று 40 பேருக்குத்தான் வேலை. பதிவேட்டில் முதல் 40 பேர் இன்று போகட்டும். நாளை அடுத்த 40 பேர் போகட்டும். மூன்றாம் நாள் மீதி 20 பேர் போகட்டும். அவர்களோடு மறுபடியும் முதல் 20 பேர் சேரட்டும். இதுதான் முறை வைத்து வேலை கொடுப்பது. இதில் சண்டைக்கு இடம் இல்லை.

இந்த வழி புதிதும் அல்ல. துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து, முறையாக வேலை கொடுக்க 1948-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. மட்டாஞ்சேரியில் வில்லை பறந்துகொண்டே இருந்தது. கடைசியில் 1962-ல்தான் சாப்பா ஒழிந்தது.

அதனால் கப்பல் வருவது நின்றதா? இல்லை. சரக்கு தேங்கியதா? இல்லை. கொச்சித் துறைமுகம் இன்றும் நடக்கிறது. சாப்பா இல்லாமல் முடியாது என்பது வெறும் நம்பிக்கைதான். அந்த நம்பிக்கைக்கு மூன்று உயிர்கள் விலையாகப் போயின.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் "வேறு வழி இல்லை" என்று எதைப் பொறுத்துக்கொள்கிறீர்கள்? கந்துவட்டியா? வரதட்சணையா? சாராயக் கடையா?

2. அது இல்லாவிட்டால் யாருக்கு நட்டம்? யாருக்கு லாபம்?

3. அதற்கு ஒரு சட்டம் இருக்கிறதா? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.