விசில் வராத குக்கர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி)

கொதிகலன் என்றதும் ஆலைகளையும் பழைய ரயில் எஞ்சின்களையும்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் நாள் தவறாமல் நம் அடுப்பின் மீது ஏறி இறங்கும் கொதிகலன் ஒன்று உண்டு. அதுதான் பிரஷர் குக்கர். அது அழுத்தம் பிடிக்காமல் போனால், அதிலும் பழுது பார்த்த பிறகும் மறுபடி மறுபடி போனால், குறையை எங்கே தேடுவது? சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை காண ஆறு மாதம் பிடித்தது. அதை நம் கல்லூரி மலரில் எழுதினால் யாருக்காவது பயன்படும் என்று தோன்றியது.

என் தாயார் நூற்பாலைக்குப் போகிறவர். காலை ஆறரை மணிக்கு வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் சோறும் பருப்பும் ஆகியிருக்க வேண்டும். குக்கர் விசில் அடிக்காவிட்டால் அவர் பசியோடு வண்டி ஏறுவார். சிலிண்டரும் ஒரு வாரம் முன்னதாகவே தீரும். ஆகவே எங்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. கூடுதல் தீயெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் கொதிநிலையும் குறையும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடுவதால் அங்கே பருப்பு வேக நேரமாகிறது. குக்கர் இதற்கு நேர்மாறு. உள்ளே அடைபட்ட ஆவி, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கூடுதலாக அழுத்துகிறது. கொதிநிலை 120 டிகிரியை எட்டுகிறது. அந்த இருபது டிகிரிதான் என் தாயாரை வண்டிக்கு நேரத்தோடு அனுப்புகிறது.

அழுத்தம் ஒரு கிலோவில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது எது? மூடியின் மேல் ஆடும் வெயிட்தான். ஆவி வரும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர சென்டிமீட்டர். ஒரு கிலோ அழுத்தம் அதன்மேல் 70 கிராம் எடையைத் தூக்கும். எங்கள் வீட்டு வெயிட்டை ஆய்வகத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 72 கிராம் இருந்தது. பாடப் புத்தகத்தில் வந்த எந்தக் கணக்கும் எனக்கு அன்றுபோல் மகிழ்ச்சி தந்ததில்லை! இந்த ஏற்பாட்டின் மூதாதை டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1679-இல் லண்டனில் எலும்பையும் குழைய வேகவைக்கும் மூடிய கலம் ஒன்றைச் செய்து காட்டியவர் அவர். அந்தக் கலம் வெடிக்காதிருக்க எடை தொங்கவிட்ட நெம்புகோல் வால்வு ஒன்றையும் அதில் அமைத்தார். அன்று முதல் இன்று வரை தத்துவம் ஒன்றே.

இனி எங்கள் குக்கரின் கதை. விசில் வராமல் மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தது. கேஸ்கட் போய்விட்டது என்று கடைக்காரர் புதிது போட்டுக் கொடுத்தார். ஒரு மாதம் நன்றாக இருந்தது; பிறகு பழையபடி கசிவு. மறுபடி ஒரு கேஸ்கட், மறுபடி ஒரு மாதம். மூன்றாம் முறை கைப்பிடித் திருகுகளையும் இறுக்கினார். கேஸ்கட்டைக் குளிர்ந்த நீரில் போட்டு எடு, நூல் சுற்று என்று அக்கம்பக்கத்தார் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தோம். எல்லாம் சில நாள் கேட்கும், அவ்வளவுதான்.

எங்களை ஏமாற்றியது அந்தச் சில நாள் நலந்தான். புது ரப்பர் மெத்தென்றிருக்கும். விளிம்பில் பள்ளம் இருந்தாலும் அதில் புகுந்து அடைத்துக்கொள்ளும். நாள்தோறும் சூடுபட்டு ரப்பர் விறைத்த பின் பள்ளத்தோடு ஒட்டாது. ஆவிக்கு வழி கிடைத்துவிடும். புது ரப்பர் குறையைத் தீர்க்கவில்லை, மறைத்துத்தான் வைத்தது. மாதம் ஒரு கேஸ்கட் கேட்கும் குக்கரில் குறை கேஸ்கட்டில் இல்லை என்று இரண்டாம் முறையே நாங்கள் ஐயப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. வராத விசிலுக்காகக் குக்கர் நெடுநேரம் அடுப்பில் இருந்தது. ஓரத்தில் கசிந்தே நீர் வற்றிப்போயிற்று. நீர் இருக்கும் வரை கட்டுக்குள் நின்ற சூடு அது வற்றியதும் விறுவிறுவென ஏறியது. மூடியிலிருந்த சேஃப்டி வால்வு உருகித் திறந்துகொண்டது. அதற்குள் இருப்பது குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை. ஆபத்தில் உருகுவதுதான் அதன் வேலை. ஆனால் கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்த இடத்தில் ஒரு இரும்பு போல்ட்டை முடுக்கி, புது கேஸ்கட்டும் மாட்டி, "அக்கா, இனிமே ஜென்மத்துக்கும் ஒழுகாதுங்க" என்று கொடுத்துவிட்டார்.

நான்கு நாள் அதில் சமையல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழுவும்போதுதான் போல்ட்டைக் கண்டேன். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர்; பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். முழு அழுத்தத்தில் 314 கிலோ விசை அந்த மூடியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நான்கைந்து ஆட்களின் எடை! பருப்பு பொங்கி ஒரு தோல் அந்த 3 மில்லிமீட்டர் துளையை அடைத்தால், ஆவிக்கு வேறு வாசல் இல்லை. அதன் எதிரில் நிற்பவர் என் தாயார். "கடைக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது, கண்ணு?" என்றார் அவர். நான் குக்கரைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். அன்று சட்டியில்தான் சோறு.

மறுநாள் அதைப் பையில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். (பேருந்தில் பலர் சிரித்தார்கள்.) எங்கள் விரிவுரையாளர் ஆய்வகத்திலிருந்த தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் குக்கரைக் கவிழ்த்து, அதற்குள் சிறு டார்ச் விளக்கை எரியவிட்டு, அறையை இருட்டாக்கச் சொன்னார். விளிம்பைச் சுற்றி இருட்டு. ஓரிடத்தில் மட்டும் கீற்றாக வெளிச்சம். அந்த இடம் கைப்பிடிக்கு வலப்புறம், சுமார் மூன்று விரல் தொலைவில். பார்த்ததும் விளங்கிவிட்டது. பருப்பைக் கடைந்ததும் கரண்டியில் ஒட்டியதை உதிர்க்க என் தாயார் 'டங் டங்' என்று விளிம்பில் தட்டுவார். இடக்கை கைப்பிடியைப் பிடித்திருப்பதால் கரண்டி எப்போதும் அதே இடத்தில்தான் விழும். பல ஆண்டுகளாக விழுந்திருக்கிறது.

ஆவி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். ஓரத்தில் வந்தால் கேஸ்கட், விளிம்பு, மூடி, கைப்பிடி ஆகியவற்றில் ஒன்று. கேஸ்கட் விறைத்தோ வெடித்தோ இராவிட்டால் விளிம்பைச் சோதியுங்கள். கண்ணாடி இல்லையென்றால் விரலை மெல்ல ஓட்டினாலே பள்ளம் தட்டுப்படும். வெயிட்டின் அடியில் ஓயாமல் ஒழுகினால் அங்கே அழுக்கு. எங்கும் ஆவி வராமல், விசிலும் வராமல் இருந்தால்தான் அஞ்ச வேண்டும்; துளை அடைத்திருக்கலாம். உடனே தீயை அணைத்து, தானே ஆறும்வரை தொடாதீர்கள். வெயிட் வைக்குமுன் ஆவி நேராக வருகிறதா என்று நாள்தோறும் பார்ப்பது நல்லது. பருப்பைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சேஃப்டி வால்வுக்குப் பதில் அந்தக் குக்கருக்கென்றே செய்த வால்வைத் தவிர வேறெதையும் மாட்ட விடாதீர்கள்.

விளிம்பைத் தட்டி நிமிர்த்தலாம் என்று சிலர் சொன்னார்கள். அழுத்தம் தாங்க வேண்டிய கலத்தில் அந்தச் சோதனை வேண்டாமென்று விட்டுவிட்டோம். தாயாரின் சீட்டுப் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட புதுக் குக்கர் வாங்கினோம். பழையது இப்போது மூடியின்றிக் குளிக்க வெந்நீர் காய்ச்சுகிறது. தாயார் பருப்பைக் கடைந்து முடித்ததும் பழக்கத்தில் கரண்டியை ஓங்குகிறார், என்னைப் பார்க்கிறார், பிறகு உள்ளங்கையில் தட்டிக்கொண்டு, "சுடுது" என்கிறார்.