எரியும் கொழுப்பும் குறையும் கொழுப்பும்

உடற்கொழுப்பைக் குறைக்க விரும்புவோர் உணவிலுள்ள கொழுப்பை அடியோடு விலக்க வேண்டும் என்பது ஒரு தரப்பின் வாதம்; மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைத் தாராளமாக உண்டால்தான் உடல் தன் சேமிப்பை எரிக்கத் தொடங்கும் என்பது, பேலியோ, கீட்டோ ஆகிய உணவுமுறைகளைப் பின்பற்றுவோரிடையே வேரூன்றியுள்ள மறுதரப்பின் வாதம். இவற்றை எடைபோட முற்படுவோர், உடலில் கொழுப்பு எரிவதும் உடலின் கொழுப்பு குறைவதும் ஒன்றல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொழுப்புச் செல்களில் கொழுப்பு டிரைகிளிசரைடாக, அதாவது கிளிசரால் மூலக்கூறு ஒன்றுடன் மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்த பொருளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. உணவுக்குப் பின் குருதியில் கூடும் இன்சுலின் இச்சேமிப்பு உடைபடாமல் தடுக்கிறது; வயிறு காலியாகி இன்சுலின் தாழும்போது நொதிகள் அதை உடைத்துக் கொழுப்பமிலங்களைக் குருதியில் விடுவிக்க, அவை தசை முதலியவற்றின் செல்களுக்குள் சென்று, ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனுடன் எரிந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகின்றன. எரியாமல் எஞ்சியவை மீண்டும் சேமிப்புக்கே திரும்புகின்றன. உண்ட கொழுப்பும் இதே குருதியில் வந்து கலந்து, எரியவோ சேமிப்பில் சேரவோ செய்கிறது. மாவுச்சத்திலிருந்து உடல் புதிதாக ஆக்கும் கொழுப்பு வழக்கமான உணவில் சிறிதளவே என்பதால், எரிந்த கொழுப்பிலிருந்து உண்ட கொழுப்பைக் கழித்தால் கிடைப்பதே ஏறக்குறைய உடல் இழந்த கொழுப்பு.

இக்கணக்கை மிகத் துல்லியமாகச் சோதித்தவர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹால். 2015இல் வெளியான அவரது ஆய்வில், உடற்பருமன் கொண்ட 19 பேர் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைக்கப்பட்டு, ஒரு சுற்றில் மாவுச்சத்தை மட்டும் குறைத்தும் மறு சுற்றில் கொழுப்பை மட்டும் குறைத்தும், இரண்டிலும் 30 விழுக்காடு கலோரி குறைவான உணவை ஆறு ஆறு நாட்கள் உண்டனர். அவர்கள் உள்ளிழுத்த ஆக்சிஜனும் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடும் மூடிய அறையில் அளக்கப்பட்டன. மாவுச்சத்தைக் குறைத்தபோது எதிர்பார்த்தபடியே இன்சுலின் சுரப்பு தாழ்ந்து, கொழுப்பு எரியும் வேகம் கூடியது. கொழுப்பைக் குறைத்தபோது அவ்வேகத்தில் மாற்றமே இல்லை. ஆயினும் உடல் இழந்த கொழுப்பு முதல் வகையில் நாளொன்றுக்குச் சராசரியாக 53 கிராம், இரண்டாம் வகையில் 89 கிராம். எரியும் வேகம் மாறாதிருக்க, உணவிலிருந்து வரும் கொழுப்பு பெரிதும் குறைந்ததால், பற்றாக்குறையைச் சேமிப்பே ஈடுகட்ட நேர்ந்தது. இன்சுலினைத் தாழ்த்தாமல் உடற்கொழுப்பைக் கரைக்க முடியாது என்ற கூற்றை இம்முடிவு உறுதியாக மறுக்கிறது.

ஆனால் ஆறு நாள் ஆய்வறை வாழ்க்கை வேறு, ஓராண்டு வீட்டு வாழ்க்கை வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் எடை இழந்தனர். இது புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. நீண்ட காலத்தில் முடிவைத் தீர்மானிப்பது மொத்த ஆற்றல் பற்றாக்குறையும் அதைத் தாங்கிக்கொள்ளும் மனிதரின் இயல்புமே.

உணவுக் கொழுப்பின் உண்மையான ஆபத்து அதன் ஆற்றல் செறிவில் இருக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி இருக்க, கொழுப்பில் 9 கலோரி உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரியை வயிறு அறியாமலேயே சேர்த்துவிடுகிறது. ஹாலின் 2021ஆம் ஆண்டு ஆய்வில் விரும்பிய அளவு உண்ண அனுமதிக்கப்பட்ட 20 பேர், கொழுப்பு மிகுந்த உணவைவிடக் கொழுப்பு குறைந்த தாவர உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாக உண்டனர்; பசி கூடியதாக அவர்கள் சொல்லவில்லை. வேண்டாத எடையேற்றத்தைத் தவிர்க்க, மொத்த ஆற்றலில் கொழுப்பின் பங்கு 30 விழுக்காட்டுக்கு மேற்படாதிருக்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது.

அதற்காகக் கொழுப்பை அறவே நீக்குவது பெருந்தவறு. உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத சில கொழுப்பமிலங்கள் உணவிலிருந்தே வந்தாக வேண்டும் என்பதை, கொழுப்பில்லா உணவு தந்து நலிவுற்ற எலிகளைக் கொண்டு ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929இலேயே காட்டினர். எடை குறைப்போருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. எடை விரைந்து இறங்கும்போது பித்தநீரில் கொலஸ்டிரால் கூடுகிறது. குடலுக்குள் கொழுப்பு வந்தால்தான் பித்தப்பை நன்கு சுருங்கி அந்நீரை வெளியேற்றும். கொழுப்பே வராதபோது பித்தநீர் தேங்கிக் கற்கள் உருவாகக்கூடும். பித்தப்பைக் கல் ஏற்கெனவே உள்ளவர்களும், நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோரும் உணவில் கொழுப்பின் அளவையோ மாவுச்சத்தின் அளவையோ பெரிதாக மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.